கயிறு கட்டாயம்

பேக்கன்ஸ் ஆறு கடலைத் தொடும் இடத்தில்
ஓர் ஆறு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
இரண்டு சிமெண்ட் சுவருக்கு நடுவே
கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பிளாஸ்டிக்.
அங்கிருந்து தொடங்கினோம் ஐந்தரை மணிக்கு,
நானும் ஸ்டொம்பியும்.

அவன் என் நாயல்ல.
கீழ்வீட்டு மெர்வின் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது
அவனையும் ஒரு வாஷிங் மெஷினையும்
‘ஒரு மாதத்துக்கு’ என்று விட்டுப்போனார்.
பதினாலு மாதமாகிறது.
வாஷிங் மெஷினை விற்றுவிட்டேன்.

ஸ்டொம்பி என்றால் சிகரெட்டின் கடைசித் துண்டாம்;
வாலைப் பார்த்தால் விளங்கும்.
ஆப்பிரிக்கான்ஸ் மட்டுமே அவனுக்குப் புரியும்.
அதில் எனக்கு ஒன்பது சொல் தெரியும்.
வா, உட்கார், விடு, வேண்டாம் என்று
ஒன்பதும் நாய்க்கானவை.
மனிதரிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை.

பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும்
நகரம் தலைக்கு மேலே போய்விட்டது.
லாரிகள் கியர் மாற்றுவது
மாடிவீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோலக் கேட்டது.
துருப்பிடித்த கேட்டைத் திறந்து திறந்து மூடும் குரலில்
கினிக்கோழிகள் எங்களைத் திட்டின.
நான் கல் விட்டுக் கல் தாண்டினேன்.
அவன் ஆற்றிலேயே நடந்து வந்தான்,
என் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான்
உடம்பை உதறினான்.

பத்து மணி வாக்கில் மேட்டு நிலம்.
இதற்கொரு பெயர் தேடிச் சலித்துவிட்டேன்.
முல்லை என்றால் காடு வேண்டும்;
இங்கே எதுவும் என் இடுப்பைத் தாண்டவில்லை.
பாலை என்றால் வறட்சி வேண்டும், பிரிவு வேண்டும்.
பிரிவு இருக்கிறது, அது இன்றைக்கு வேண்டாம்,
ஆனால் செடிக்குச் செடி பூ.
அரிசிமணி அளவில், சின்னச் சின்னக் குழல்களாக,
உப்புக்காற்றைக் குடித்தே சிவந்தவை.
ஃபைன்பாஸ் என்கிறார்கள், மெல்லிய புதர்.
ஐந்து நிலம் வகுத்தவர்கள்
இவ்வளவு தெற்கே வரவில்லை.

அந்தப் புதருக்குள் ஓர் ஆமை.
அவன் ஒரே ஒரு முறை குரைத்தான்.
அது உள்ளே போய்விட்டது.
நான் சொல்லாமலே அதன் முன் உட்கார்ந்தான்,
காது இரண்டும் முன்னால் சாய,
மூச்சைக்கூடச் சின்னதாக விட்டபடி.
பத்து நிமிடம்.
மெர்வின் போன பிறகு வாசலிலும்
இப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.
அது பத்து நிமிடமல்ல.

மணல்மேடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை:
நாய்களுக்குக் கயிறு கட்டாயம்.
பலகையே முழங்கால்வரை மணலில்.
யாருமில்லை. அவிழ்த்துவிட்டேன்.

முதல் மேட்டில் அவன் ஓடியது தெரிந்தது.
இரண்டாவதில் முதுகு மட்டும்.
மூன்றாவது மேடு வெறும் மேடு.

ஒன்பது சொல்லையும் கத்தினேன்.
வாயைத் திறந்த போதெல்லாம்
காற்று ஒரு கைப்பிடி மணல் ஊட்டியது.
பிறகு தமிழில், அதிலும் நல்ல தமிழில் அல்ல.
அவன் கால்தடங்கள்
பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு உதிர்ந்து
குழியாகி, பள்ளமாகி, ஒன்றுமில்லாமல் போயின.
பாம்பை நினைத்தேன், அலையை நினைத்தேன்.
பெர்த்துக்கு என்ன எழுதுவது என்று நினைத்தேன்.
வாஷிங் மெஷினைப் பற்றியும்
சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

நடந்தேன், ஏறினேன், சறுக்கினேன்.
கடைசியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி
மணலைக் கொட்டினேன்.
அழுதேன் என்று சொல்வதற்கில்லை;
கண்ணிலும் மணல் இருந்தது.
முழங்காலுக்குள் தலையைச் செருகிக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ.
ஈரமான நாற்றம் வந்தது, செத்த மீன், கடற்பாசி.
நிமிர்ந்தால்
இரண்டடி தள்ளி ஸ்டொம்பி,
காது இரண்டும் முன்னால் சாய,
மூச்சைச் சின்னதாக விட்டபடி.
எப்போது வந்து உட்கார்ந்தானோ.

அவனைக் கட்டவில்லை.
கயிற்றை நானே கழுத்தில் போட்டுக்கொண்டு
கடலுக்கு இறங்கினேன்.
சிவந்த அலகுள்ள இரண்டு கரும்பறவைகள்
பாறையை விட்டுப் பாறைக்கு மாறின, அவ்வளவுதான்.

மாலை, தூண்டிலோடு திரும்பிய ஒருவர்
பழைய பிக்கப்பை நிறுத்தினார்.
நீங்கள் முன்னால் வாருங்கள்,
நாய் பின்னால் ஏறட்டும் என்றார்.

நானும் பின்னால் ஏறினேன்.