நாலாயிரத்து நூறு மீட்டரில்

வியாழனும் ஞாயிறும் எல் ஆல்ட்டோவில்
தெருக்கள் தங்கள் பெயரை மறந்து சந்தையாகிவிடும்.
லாரி அச்சு, கல்யாணப் பாவாடை, உயிருள்ள முயல்,
பாதி கழற்றிய ஒரு பேருந்து.
அதற்கு அடுத்து நீலத் தார்ப்பாயில்
வாய் பிளந்து கிடந்தன மடிக்கணினிகள்,
விலை போகாத மீன்களைப் போல.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது பொலிவியானோ.
வலது காலுறைக்குள்.
கம்பிவண்டி நிலையக் கழிப்பறை வாசலில்
அக்கா மார்லெனி இரண்டு குளிர்காலம்
சில்லறை வாங்கிப்போட்ட காசு அதில் பாதி.
மீதி, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு
நான் பின்னம் சொல்லிக்கொடுத்தது.
நடக்கும்போது பணம் குதிகாலைக் கடித்தது.

"மாணவியா? இதைப் பாருங்கள்.
ஒரே கை புழங்கியது" என்றார் ரெனான் டிக்கோனா.
ஒரே கைதான்.
எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுத்திருந்தது.
அந்தக் கைக்கு எத்தனை விரலோ.

நில அளவை படிக்கப் போகிறேன் என்றேன்.
மலைகளைத் திரையில் திருப்பிப் பார்க்க வேண்டும்,
நாலு ஜிபி நினைவகம் போதாது என்றேன்.
எட்டு உள்ளதை எடுத்தார்.
மின்கலம் தாங்குமா என்றேன்.
"மின்வெட்டு வந்தால் நீங்களும்தானே தூங்குவீர்கள்?"
அக்கா சிரித்துவிட்டாள்.
அவள் சிரித்ததில் ஐம்பது ஏறியிருக்கும்.

எங்கோ வடக்கே செய்த விசைப்பலகை.
தலையில் அலை வைத்த அந்த ஞ அதில் இல்லை.
என் பெயர் சுலேமா அஞாக்வாயா.
அது இல்லாமல் என் குடும்பத்தை
எழுத்துக்கூட்ட முடியாது.
பரவாயில்லை, அதற்கு வழி உண்டு.

இதற்கு இல்லை:
காதை வைத்துக் கேட்டேன்.
உள்ளே ஏதோ சுற்றியது.

பழைய வகை வட்டு.
சுழலும் தட்டின் மேல் ஒரு சிறு முனை
தொடாமல் பறக்கிறது.
பறப்பதற்குக் காற்று வேண்டும்.
மூவாயிரம் மீட்டர் உயரம் வரைதான் உத்தரவாதம் என்று
செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.
நாங்கள் அதற்கும் ஆயிரத்து நூறு மீட்டர் மேலே
பிறந்து, ஓடி, பந்து விளையாடி,
மூச்சு வாங்காமல் சண்டையும் போடுகிறவர்கள்.
எங்களுக்குப் போதும் காற்று
அதற்குப் போதாது.

"என்னுடையது நாலு வருஷமாக ஓடுகிறதே!"
"நாலாம் வருஷம்தான் என் ஆய்வேடு அதில் இருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
திருப்புளியை எடுத்தார்.
சுழலாத எஸ்எஸ்டி, சூயிங்கம் அளவு,
அதற்கு இருநூற்றைம்பது கூட.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.
போவது போலப் போக வேண்டும், கூப்பிடுவார்கள்.
போனோம்.
அவர் கூப்பிடவில்லை.
ஊதாச் சோளக் கஞ்சி விற்பவளிடம் நின்று
ஒரு கோப்பையை இருவர் குடித்து
மறுபடி எண்ணினோம்.
எண்ண எண்ணப் பணம் பெருகாது என்பதை
மூன்றாம் முறைதான் ஒப்புக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது
வட்டை மாற்றி, மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.
வருவோம் என்று தெரியும் போல.
காலுறைப் பணம், வண்டிக் கூலி,
அக்காவின் கைப்பையில் ஒட்டியிருந்த நாணயங்கள்.
மீதி அறுபதை அவர் கேட்கவில்லை,
நாங்களும் நினைவூட்டவில்லை.

"அந்தப் பழைய வட்டு?"
"கீழே சாந்தா குரூஸுக்கு அனுப்பிவிடுவேன்.
அங்கே காற்று கெட்டி. பறக்கும்."

யாப்பா, என்று கை நீட்டினாள் அக்கா. கொசுறு.
எழுத்து ஒட்டிகள் கொண்ட ஒரு தாளைத் தந்தார்.
எல்லாம் இருந்தன, ஞ மட்டும் இல்லை.
எல்லோரும் அதைத்தான் கிள்ளிக்கொண்டு போகிறார்களாம்.

நடந்தே வந்தோம். ஒன்றரை மணி நேரம்.
கணினியை என் கம்பளிக்குள் வைத்துக்கொண்டேன்,
பூனைக்குட்டியை ஒளித்துக் கொண்டுவருவது போல.

இரவு, மார்லெனி தன் நகப்பூச்சைத் திறந்தாள்.
அரைப்புள்ளி விசையின் மேல்
நாக்கைக் கடித்துக்கொண்டு
சிவப்பாய் ஓர் அலை வரைந்தாள்.
கோணல்.
"காயும் வரை தொடாதே" என்றாள்.

மற்ற எழுத்துகளை மட்டும் தட்டிக்கொண்டு
காத்திருந்தேன்.