இரண்டு நொடி

முன்பு மிலேனின் உள்ளங்கையில்
இரண்டு நொடி சும்மா இருந்தது பந்து.
மாக்லிங்கன் அரங்கில் அப்போது
யாரும் இருமியதில்லை.

அதற்கு மதிப்பெண் கிடையாது என்றது
அடுத்த விதிப்புத்தகம்.
நான்கு அடைத்தோம் அங்கே:
முழங்கால் மடிப்பில் ஒரு பிடி, பார்க்காமல் ஒன்று,
முதுகில் உருட்டல், பாதத்தால் எறிதல்.
செல்லோ மூச்சு வாங்கிய இடத்தை
நான்தான் கத்தரித்தேன்.
நல்ல கத்தரிப்பு, தையல் தெரியாது.

இப்போது கலைக்கென்று தனிக் கட்டமாம்,
நிற்பதற்கும் கூலி உண்டாம்.
வெட்டியதைத் தேடி எடுத்து ஒட்டினேன்.

செல்லோ மூச்சு வாங்குகிறது.
மிலேன் நிற்கிறாள்.
உதடு மட்டும் ஓடுகிறது:
ஒன்று இரண்டு மூன்று நான்கு.

மாலை, பீலுக்கு இறங்கும் இழுவை ரயிலில்
தூங்கிவிட்டாள்.
விரிந்த கையில் உரிக்காத ஆரஞ்சு.
வளைவிலும் விழவில்லை.