ஏழாம் நிரல்

படிவத்தில் ஏழாம் நிரல் ஒடுக்கம்.
ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் இலக்கம்,
அதற்குமேல் கொள்ளாது.
'இப்பயிற்சியின் பின் இவர் சேவையில் முன்னேறுவாரா?'
ஆறு மாதம் தமிழ் படிப்பித்தவளுக்குச்
சாத்திரமும் வரும் என்று
கொழும்பில் யாரோ நம்பியிருக்கிறார்கள்.

பலாலியில் தகரக் கூரைக்குக் கீழே இருபத்தெட்டுப் பேர்.
சென்னை விமானம் இறங்கும்போது பாடம் நின்றுவிடும்;
சத்தம் ஓயும்வரை
வினையெச்சம் ஒன்று அந்தரத்தில் தொங்கும்.

'தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?' என்றது புத்தகம்.
வெளியில் ஒரு சனமும் அப்படிக் கேட்காது.
அழித்துவிட்டு எழுதினேன்: எங்க போறியள்?
எழுதிய பிறகுதான் பார்த்தேன்.
இருபது வருசம் மண்மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து
கொச்சையாக என்னிடம் கேட்கப்பட்டதை
இப்போது நானே திருத்தி,
உச்சரிப்புச் சொல்லி,
மூன்று தரம் சேர்ந்து சொல்ல வைக்கிறேன்.
சம்பளம் நேரத்துக்கு வந்தது. அதையும் சொல்லவேணும்.

ஹேவகே, லான்ஸ் கோப்ரல். தொண்ணூற்று நாலு புள்ளி.
யாழ்ப்பாணம் என்ற சொல்லை
யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சொல்லாத சுத்தத்தில் சொன்னான்.
எங்கள் ளகரத்தைக் கேட்டு ஒருநாள்
'மிஸ், அது ழ அல்லவா?' என்று எழும்பி நின்றான்.
வல்லினம் மிகும் இடம், மிகா இடம்
எல்லாம் தலைகீழ்ப் பாடம்.
யோசிக்காமல் ஐந்து போட்டேன்.

ஹப்புஆராச்சி, பிபிலைக்காரன். முப்பத்தொன்று.
அவனுடைய தமிழில் காலம் இல்லை.
நேற்று மழை வா. நாளைக்கு அம்மா வா.
போன கிழமை நான் லீவு போ.
ஆனால் எங்கிருந்தோ ஓமோம் மட்டும் பிடித்துவந்தான்.
கூட்ட வருகிற செல்லமலர் தன் மகனின் வழக்கைச் சொல்ல,
விளக்குமாறு சுவரில் சாய்ந்து நிற்க,
அவன் ஓமோம் போடுவான்,
ஒவ்வொன்றும் வேறு தாழ்வில்,
மூச்சு விடவேண்டிய இடத்தில் சரியாக.
அதற்குப் படிவத்தில் நிரல் இல்லை.
ஒன்று போட்டேன். அழித்தேன். இரண்டு.
அழித்த இடத்தில் கடதாசி மெலிந்து
மேசையின் நிறம் தெரிந்தது.

மூன்று வருசம் கழித்துக் கடிதம் வந்தது:
எனது எதிர்வுகூறல் எழுபத்தொரு வீதம் சரியாம்.
அடுத்த அணிக்கும் நான் வரவேண்டுமாம்.
ஹேவகே சார்ஜன்ட். காணிப் பிரிவு.
ஹப்புஆராச்சிக்கு எதிரே 'விலகினார்',
அதுவும் என் கணக்கில் சரி என்றே சேர்ந்திருந்தது.

வசாவிளானில் எங்கள் கிணற்றுக்கும் எனக்கும் நடுவே
முள்ளுக்கம்பியில் ஒரு பலகை முன்பும் இருந்தது,
'உற்செல்ல தடை' என்று.
வாசித்து வாசித்துச் சிரிப்போம்.
சிரிக்க எங்களுக்கு அங்கே அந்தப் பிழை ஒன்றுதான் இருந்தது.
இந்த முறை புதுப் பெயின்ற்.
உட்செல்லத் தடை.
டகரம் டகரமாய், தகர ஒற்று தன் கதிரையில்.
சிவப்புப் பேனை கையில் இருந்திருந்தால்
முழுப் புள்ளி போட்டிருப்பேன்.
பேசாமல் சைக்கிளைத் திருப்பினேன்.

அடுத்த தரம் போகிற வழியில், சுன்னாகம் சந்தை வாசலில்
தம்புள்ளை லொறி ஒன்று பூசினிக்காய் இறக்கிக்கொண்டிருந்தது.
மேலே நின்றவன் சாரத்தை மடித்துக் கட்டியபடி கத்தினான்:
'மிஸ்! எங்க போறியள்?'

கரும்பலகையில் நான் எழுதிய அதே வாக்கியம்.
ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.
பை திறக்க எழும்பிய என் கை
பாதியில் நின்றது.
அடையாள அட்டை அவனுக்குத் தேவையில்லை.

'வசாவிளானுக்கு' என்றேன். 'வேலி மட்டும்.'

அவன் பூசினிக்காயைக் கீழே வைத்தான்.
'ஓமோம்' என்றான்.

பிறகு ஒன்று நிறுத்துத் தந்தான்.
விலை குறைக்கவில்லை.