ஒரு நாள் வாடகை

ஆறாயிரம் வாடகை, ஆதார் நகல் ஒன்று.
ராயப்பேட்டையிலிருந்து மடியில் வைத்தே
கொண்டுவந்தேன் அந்தப் பெரிய சென்சாரை.
பெரியது என்றால்
என் பழையதைவிட ஒரு நகக்கண் அகலம்.

"முகம் அப்படியே எழுந்து வரும் பாரு"
என்றான் நிஜாமுதீன்.
வாங்கும் வசதியில்லாதவனின்
கெட்டியான நம்பிக்கை.

காசிமேடு, ஐந்தே முக்கால்.
வஞ்சிரம் கூறுபோட்டபடி
லூர்துமேரி ஒருமுறை நிமிர்ந்தாள்.
பெரியதில் ஒன்று.
அதே இடம், அதே வெளிச்சம்,
துளையைக் கொஞ்சம் கூடத் திறந்து
பழையதில் ஒன்று.

திருவல்லிக்கேணி லேபில்
இரண்டையும் இரண்டடிக்கு அச்சிட்டு
சுவரில் ஒட்டினோம்.
நிஜாமுதீன் தள்ளி நின்றான், கண்ணைச் சுருக்கினான்.
"இதுதான். முகத்துக்கும் படகுக்கும் நடுவுல
காத்து ஓடுது பாரு."
திருப்பினேன்.
பென்சிலில் என் கையெழுத்து: பழையது.

"மாத்தி எழுதிட்டே" என்றான்.
டீ வரும்வரை
அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

பொய் சொல்லக்கூடாது.
லென்ஸ் வைத்துக் குனிந்தால்
பெரியதில்
தூரத்துப் படகின் பதிவெண் படிக்க முடிந்தது,
கடைசி எண் உட்பட.
மற்றதில் அது ஈரமான சுண்ணாம்பு.
ஆறாயிரத்துக்கு அந்த ஓர் எண்.
சில நாள் அது போதும்,
சில நாள் அதுவே வேண்டும்.

மறுநாள் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
லூர்துமேரி செதில் ஒட்டிய கையைத்
துடைத்துவிட்டு வாங்கினாள்.
ஒன்றைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள்.

"ஏம்மா,
ரெண்டுலயும் மீனை வெட்டிட்டியே?"