ஏழாவது தடம்

பந்து இடப்பக்கம் சாய்கிறது என்றார்கள்.
வாண்டா நம்பவில்லை.
பீர் குடித்த கைதான் சாய்க்கும்,
மேப்பிள் பலகை சாய்க்காது என்றாள்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஆட்டத்தின் நடுவே
ஏழாவது தடத்தில்
சொட்டு.

அதனால்தான் இந்த ஜூலை வெயிலில்
பஃபலோ நகரத்தின்
பத்துக் கட்டை வீழ்த்தும் கூடமொன்றின் தலைமேல்
நானும் லெஷெக்கும்.
கீழே தெருவோரம் தார்க்கொப்பரை
நானூற்றைம்பது டிகிரியில் முணுமுணுக்கிறது.
அதற்குக் காவல் மரிசேலா.
சூடு ஏறினால் தீப்பிடிக்கும், இறங்கினால் ஒட்டாது.
தன் காதலர்களைப் பற்றியும் அவள்
இதையேதான் சொல்வாள்.

சொட்டும் இடத்துக்கு நேர்மேலே
ஓட்டையைத் தேடுகிறவன்
தண்ணீரோடு பழகாதவன்.
அது எங்கேயோ நுழைந்து
தாளுக்கும் தாளுக்கும் நடுவே
முப்பது அடி சத்தமில்லாமல் நடந்து
தோதான ஓர் ஆணியைக் கண்டபின்தான்
இறங்கும்.

சரளைக்கல்லை ஒதுக்கி
ஒரு சாண் சதுரம் வெட்டியெடுத்தோம்.
லெஷெக் அதை மடியில் வைத்துக்கொண்டு
கத்திமுனையால் பிரித்தான்.
தார், தாள்.
தார், தாள்.
தார், தாள்.
அப்புறம் மரம்.

"ஒப்பந்தத்தில் நாலு.
எந்தத் திருட்டுப்பயல் போட்ட கூரை இது?"

பத்தொன்பது வருஷம் முன்பு, வெள்ளிக்கிழமை.
ஏரிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.
கொப்பரையில் தார் அடிமட்டம்.
மேஸ்திரி டெல்பர்ட்
மேகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
சரளையைக் கொட்டு என்றார்.
கொட்டினேன்.
கல் மூடிவிட்டால்
மூன்றும் நாலும் ஒரே நிறம்.

அன்று மழை வரவேயில்லை.

லெஷெக்கிடம் சொன்னேன்.
கத்தியைத் தொடையில் துடைத்தபடி
எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்றான்.
தெரியாது.
என் கூலி அந்த வாரமும் அதேதான்.
டெல்பர்ட் செத்து ஒன்பது வருஷம்,
அவர்மேல் பழி போட
வாய் வரை வந்தது,
துடைப்பம் பிடித்திருந்தது என் கை.

ஏணி முனையில் வாண்டாவின் தலை.
"ஓட்டை கிடைத்ததா?"
"ஓட்டை இல்லை, ஒரு தாள் குறைகிறது."
"யார்..." என்று அவள் தொடங்கும்போது
கீழிருந்து மரிசேலா கத்துகிறாள்:
சூடு பதம், வாளியை இறக்கு,
ஆறினால் நான் பொறுப்பில்லை.

கயிற்றில் வாளி மேலே வருகிறது.
வாண்டா போகவில்லை.
லெஷெக் என்னைப் பார்க்கிறான்.
புகை.