நான்கு மில்லிமீட்டர்

தொண்டியில் கடை வாடகை ஒன்பதாயிரம்.
கீழே வலைக்கடை, மேலே நான்.
நாற்காலிக்கு வங்கியில் ஏழு வருடத் தவணை.
அது அடையும்போது எனக்கு முப்பத்து மூன்று.

"பெரிய டாக்டர் எப்பம்மா வருவாங்க?"
முதல் வாரம் பதினொரு பேர் கேட்டார்கள்.
எண்ணினேன். எண்ண நேரம் இருந்தது.

போர்த் தண்ணீர் உப்பு.
துளையிடும் கருவியின் தலை
மூன்றே மாதத்தில் துருப்பூத்தது.
இப்போது கேன் தண்ணீர்,
கொப்பளிக்கிறவர்களுக்கும் கருவிக்கும் ஒரே கேன்.

பல்லைக் காப்பாற்றத்தான் ஐந்து வருடம் படித்தேன்.
இங்கே பிடுங்கத்தான் படியேறுகிறார்கள்.
வேர் சிகிச்சை, மூவாயிரத்து ஐந்நூறு,
நாலு தடவை வரணும் என்றால்
என் முகத்தை விட்டுக் கூரையைப் பார்க்கிறார்கள்.
"தடைக்காலம் முடியட்டும்மா."
சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி வரும்வரை
விசைப்படகுகளோடு சேர்ந்து
பற்களும் கரையில் நிற்கின்றன.
வலி மட்டும் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.
சந்தேகமென்றால் மெடிக்கல் அசனாரிடம் கேளுங்கள்,
இரண்டு ரூபாய் மாத்திரையில்
வாரம் முழுக்க என்னைத் தோற்கடிப்பவர்.

வியாழக்கிழமை நம்புவேல் வந்தார்.
மேல்வரிசை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
மூன்று வேர். இரண்டு வந்தன.
மூன்றாவது ஒடிந்தது எனக்கு மட்டும் கேட்டது,
முருங்கைக் குச்சி ஒடிகிற அளவுக்குத்தான்.
அந்நேரம் பார்த்து கரண்ட் போனது.
கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டு அடங்கியது.
இன்வெர்ட்டர் மின்விசிறியோடு சரி.
ஜெசிமா செல்போன் விளக்கைப் பிடித்தாள்.
அவள் கை நடுங்கவில்லை.

மேலே சைனஸ்.
தள்ளினால் உள்ளே விழும், தோண்டினால் உடையும்.
தனியாகப் போய் யாரையாவது கேட்கலாமென்றால்
இன்னொரு அறை கிடையாது.
படிக்கட்டில் நின்று ஹேமாவை அழைத்தேன்.
என்னோடு படித்தவள், மதுரையில் சம்பளத்துக்கு இருக்கிறாள்.
"நுனிதானே? விட்டுடுடி.
போன மாசம் எனக்கும் ஆச்சு.
ஆனா நான் அவர்கிட்ட சொல்லல."
அதன் பிறகு இருவரும் பேசவில்லை.
கீழே யாரோ நைலான் கயிற்றுக்கு விலை கேட்டார்கள்.

திரும்பி வந்தேன்.
பஞ்சைக் கடித்தபடி
முடிஞ்சுதா என்று கண்ணாலேயே கேட்டார்.
முடிஞ்சுது என்று நானும்
கண்ணாலேயே சொல்லியிருக்கலாம்.

"ஒரு வேரோட நுனி உள்ளேயே நிக்குதுண்ணே.
நாலு மில்லிமீட்டர். இப்பத் தோண்டுறது ஆபத்து.
கரண்ட் வந்ததும் படம் எடுப்போம்.
ராமநாதபுரத்துல ஒரு சர்ஜன் இருக்காரு,
கூட நான் வர்றேன்."

பஞ்சைத் துப்பினார்.
"அப்ப முழுக் காசு எதுக்கு?"
நியாயம்தான்.
ஐந்நூற்றில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணி, மடித்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டார்.
படம் எடுக்கிறவரைக்கும் இருந்தார்,
இறங்கும்போது வலைக்கடையில் சத்தமாகச் சொன்னார்:
"பாதிப் பல்லு டாக்டர்!"

நோட்டில் எழுதினேன்.
தேதி, பல் எண் இருபத்தாறு, வேர்நுனி உள்ளே,
நோயாளியிடம் சொல்லப்பட்டது.
கடைசி வரியை எழுதும்போது
பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெயர்
மீன் இறங்குதளம் வரை போய்விட்டது.
நான்கு நாள் யாரும் வரவில்லை.
துடைத்த தட்டையே ஜெசிமா துடைத்துக்கொண்டிருந்தாள்.
பஸ் ஸ்டாண்ட் பக்கம்
படிக்காமலே பல் கட்டுகிறவர் கடையில்
செருப்புகள் வாசலைத் தாண்டிக் கிடந்தன.

ஐந்தாம் நாள் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.
"பாதிப் பல்லு டாக்டர் நீங்கதானா?"
ஆமாம் என்றேன்.
"பாதிக் காசுதானாமே?"

சிரிப்பை அடக்கி முகக்கவசம் போட்டேன்.
முழுக்காசு என்றேன்.
கூரையைப் பார்த்தாள்.
பிறகு என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றினாள்.

நம்புவேல் மறுபடி வரவில்லை.
இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.
கடைத்தெருவில் பார்த்தால்
எனக்கு முதலில் தெரிவது அவரல்ல, இடக் கன்னம்.
வீக்கம் இல்லை. இன்றுவரை இல்லை.
நேற்று டீக்கடையில் நின்றிருந்தார்.
வடையை வலப்பக்கமாக ஒதுக்கி
மென்றுகொண்டிருந்தார்.