பன்னிரண்டாம் அறையில் காற்று

த்ரியெஸ்தேயில் மாதத்தின் முதல் ஞாயிறு
அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது.
ஓவியம் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம்,
குளிருக்கு ஒதுங்குகிறவர்கள் கொஞ்சம்,
மிச்சம் எல்லாம் கழிப்பறை தேடி வருகிறவர்கள்.
நான் யாரிடமும் காரணம் கேட்பதில்லை.
மேல்மாடி, பன்னிரண்டாம் அறை,
கைவைத்த மர நாற்காலி ஒன்று:
பதினோரு வருடமாக
உட்கார்ந்திருப்பது என் உத்தியோகம்.

தொடாதீர்கள் என்று
ஆறு மொழியில் சொல்லத் தெரியும்.
ஏழாவது, இருமல்.

எதிர்ச் சுவரில் ஒரு துறைமுகம் தொங்குகிறது.
ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம்.
வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது;
பித்தளைத் தகட்டில் ‘உள்ளூர்க்காரர்’ என்று மட்டும்.
மூன்று பாய்மரக் கப்பல்கள்,
மீன்கூடையோடு ஒருத்தி,
கரையில் வாய் திறந்த நாய்.
அது எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று
பிள்ளைகள் மட்டும் கேட்பார்கள்.
என்னைப் பார்த்துத்தான் என்பேன்.

அன்று போரா வீசிக்கொண்டிருந்தது.
வாடைக்கு மூத்தவள்,
மலையிறங்கி வந்து
குப்பைத்தொட்டிகளைத் தெருத்தெருவாய் உருட்டுகிறவள்.
வாசலில் நுழைந்தவனை
அவளே மாடிவரை தள்ளிவந்தது போலிருந்தது:
ஆரஞ்சு மேலங்கி, ஈரச் சப்பாத்து,
எத்தனை கழுவியும் எண்ணெய் போகாத நகக்கண்.
மார்பு அட்டையில் பெயர், தெமூரி.
ஜார்ஜியாக்காரன். கரையிறங்க அனுமதி
மூன்று மணி வரை.

புனிதர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.
நிறுத்தி வைத்தாற்போல
துறைமுகத்தின் முன் நின்றான்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.
பிறகு சிரித்தான்.

பதினோரு வருடத்தில் அந்தப் படத்தின் முன்
ஒருவரும் சிரித்ததில்லை.

அவனிடம் இருந்தது துறைமுகத்து இத்தாலியன்:
எண்கள், ரொட்டி, நாளைக்கு, இரண்டு வசவு.
போதாததற்குக் கைகள்.
இடது உள்ளங்கையைக் குழித்தான், பாய்.
வலது விரல்களைப் படபடத்தான், கொடி.
இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின.
‘ரெண்டு காற்று’ என்றான்.
ஒரு கப்பலுக்கா? உதட்டைப் பிதுக்கினான்.

பார்த்தேன்.
பாய்கள் கடல் பக்கம் புடைத்திருந்தன.
உச்சிக் கொடி மலைப் பக்கம் பறந்தது.
வார்னிஷில் எத்தனை வெடிப்பு என்று தெரியும் எனக்கு,
நாயின் வால் எத்தனை தீற்றல் என்று தெரியும்,
இது தெரியவில்லை.
கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவும்போது
மாப்பிள்ளைக்கு மூக்குக் கோணல் என்று
ஒருவன் சொல்லிவிட்டுப் போனதுபோல
கோபம் வந்தது.
கொடியருகே அவன் விரல் நீண்டது.
இருமினேன்.

போகும்முன் வருகையேட்டில் ஒரு வரி எழுதினான்,
கொடி சுற்றிய கொழுந்து மாதிரி எழுத்து.
புகழா, புகாரா, யார் கண்டது.

நாலரைக்கு ஜன்னல் அடைக்கப் போனேன்.
கீழே இழுவைப்படகு ஒன்று
துருவேறிய சாம்பல்நிறக் கப்பலைத்
துறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தது.
புகைபோக்கியின் புகை, கடலுக்கு.
சுங்கக் கட்டிடத்துக் கொடி, மலைக்கு.

கண்ணாடியைச் சட்டைக்கையால் துடைத்தேன்.
மறுபடி பார்த்தேன்.
மலையிலிருந்து வருகிறவள் நம் சுவரில் மோதி,
திரும்பி, சந்துக்குள் ஒருமுறை சுழன்று,
அப்புறம்தான் கடலுக்குப் போகிறாள்.
படித்துறையில் ஒரு காகிதப்பை
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
வட்டமடித்துக்கொண்டிருந்தது,
படத்தில் நாய் நிற்கிற அதே இடத்தில்.

ஜன்னலைத் திறந்து கத்தலாம்.
திறந்தால் அலாரம் அடிக்கும்.
தவிர, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு
எந்த மொழியில்?

இடது உள்ளங்கையைக் குழித்தேன்.
வலது விரல்களைப் படபடத்தேன்.
தோள் வலிக்கும்வரை அப்படியே நின்றேன்.

லொரெதானா விளக்குகளை அணைத்துக்கொண்டே
படியேறி வந்தாள்.
பன்னிரண்டில் யாராவது இருக்கிறார்களா என்றாள்.
இல்லை என்றேன்,
கைகளை இறக்காமல்.